ரெண்டு தரம்

ஜூன் 4

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக்கூடப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் போடு.

நேற்று மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல் வரியைத் தேடியபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். சிரித்தாயா, வெட்கப்பட்டாயா தெரியவில்லை. எனக்கு அப்பாவின் இரங்கல் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. அன்றும் இதே மண்டபம், இதே மைக். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீ மேடை ஏறி என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "இவன் பேசி முடிக்கிறதுக்குள்ள அப்பாவே எழுந்து வந்துடுவாரு" என்றாய். கூட்டம் சிரித்தது. தம்பி ஏன் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று தெரியவில்லை என ஊரெல்லாம் சொல்கிறாயாமே. இதனால்தான் வருவதில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மலை நகர்கிறது. மேலே ஒரு நீளமான விரிசல் விட்டிருக்கிறது. அதன் இரு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து, கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுவதுதான் என் வேலை. இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நல்ல மழை பிடித்தால் கடைசித் தெரு முழுவதும் மண்ணுக்கு அடியில் போய்விடும். அலுவலகத்தில் கேட்டால், கட்டாயமாக வீடுகளைக் காலி செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும், அது வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நீயே பேசிப் புரியவை என்கிறார்கள். என்னை! நேற்று அதைத்தான் செய்யப் பார்த்தேன். பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். மீதிப் பேர் அவர்கள் திரும்பி வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டாம் தேதி இன்னொரு தடவை கூட்டம் போட ஊர்த் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பேசக் கற்றுக்கொடு. ஒரு கூடைமேல் ஏறி நின்று சந்தை முழுவதையும் வாயை மூடவைக்கிறவள் நீ. உன்னை விட்டால் எனக்கு யாரையும் தெரியாது.

மலைமேல் போனுக்குச் சிக்னல் இல்லை. சாமான் கொண்டுவரும் ஜீப் டிரைவரிடம் பதிலைக் கொடுத்து அனுப்பு. கிளம்ப வேண்டியவர்களில் நீயும் ஒருத்தி. அதையும் எழுதிவிடுகிறேன்.

தம்பி

ஜூன் 7

ஊமைக்கோட்டானுக்கு,

அடுப்பில் போடவில்லை. பர்னர் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம், அதில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நலமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது. சந்தையில் இன்னும் என்னை வெண்கலம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மைக்கைப் பிடுங்கினேன், ஆமாம். அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள் முன் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றதால் உனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பதில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துத் தொலைக்கட்டும் என்று பட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீதான் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டாயே. அந்தச் செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

சரி, உன் பேச்சு. அது பேச்சா? நீ முழுக்க முழுக்கத் தரையைப் பார்த்துப் பேசினாய். மில்லிமீட்டர், சரிவுக் கோணம் என்று என்னென்னவோ வந்தது. சரக்கு என்ன என்றே சொல்லாமல் எடையை மட்டும் படித்தால் யார் வாங்குவார்கள்?

குரல் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் நாள் ஏலம் விட்டபோது என் தொண்டையிலிருந்து வந்தது கோழி சத்தம். அப்புறம் ஒரு வெங்காய சீசன் முழுவதும் சந்தை திறப்பதற்கு முன்னால் போய், கூடைமேல் ஏறி நின்று, முந்தின நாள் அழுகிப்போன முட்டைக்கோஸை வெறும் கொட்டகைக்கு ஏலம் விட்டேன். கேட்டதெல்லாம் கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருத்திதான். "இதுக்கு என் துடைப்பத்தை ஏலம் விடு, அதாவது போகும்" என்பாள். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று கேட்ட அன்றுதான் எனக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று தெரிந்தது.

நீயும் சத்தமாகப் பேசிப் பழகு. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. நின்றுகொண்டு பேசு. முதல் வரியும் கடைசி வரியும் தாள் இல்லாமல் வரவேண்டும். கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குச் சொல். முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஏலத்தில் ஒரு தரம் என்போம், ரெண்டு தரம் என்போம். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் கை மேலே போகும். புதுசாக வருகிறவர்கள் பயந்துபோய் அவசரமாக மூணு தரம் சொல்லிச் சரக்கை வீணடித்துவிடுவார்கள். வாயைத் திறப்பதைவிட மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டும்.

நான் எங்கேயும் கிளம்பப்போவதில்லை. இது அப்பா கட்டின வீடு. மழை வரும்போலிருக்கிறது, சமையலறைக் கதவு ஊறிப்போய்த் தரையில் உரசுகிறது. தச்சர் வந்து இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை.

வெண்கலம்

ஜூன் 11

அக்காவுக்கு,

மலைமேல் என் கொட்டகைக்கு வெளியே மண்ணெண்ணெய் டின்மேல் ஏறி நின்று பேசுகிறேன். டிரைவர் ஜீப் பானட்டில் உட்கார்ந்து கேட்கிறார். நான் கேட்காமலே அபிப்பிராயமும் சொல்கிறார். முதல் நாள், "சார், மலை விழும்னு சொல்றீங்க, எனக்குக் கொட்டாவி வருது" என்றார். இரண்டாம் நாள் கொட்டாவி வரவில்லை, ஆனால் என் கை எங்கே போவது என்று தெரியாமல் பையிலும் இடுப்பிலும் அலைகிறது என்றார். கையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டேன், அடங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் ஆட்டுப்பாதையில் ஆடு மேய்க்கிறவர் வந்துபோவார். நேற்று அவரும் நின்று கேட்டுவிட்டு, "இது இந்த மலையா?" என்று கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் தேறிவிட்டது என்று புரிந்தது.

மௌனம்தான் வரமாட்டேன் என்கிறது. வாயை மூடினால் காதுக்குள் அந்தச் சிரிப்பு கேட்கிறது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று உதட்டுக்குள் சொல்லி நிற்கப் பார்க்கிறேன்.

உன் கதவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. எந்த மூலை உரசுகிறது, மேலா கீழா? மலைப் பக்கமா, தெருப் பக்கமா? இரண்டாம் தடவை இழைத்ததற்கு முன் மழை பெய்ததா? பக்கத்து வீடுகளில் எப்படி என்று விசாரித்து எழுத முடியுமா?

செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

நான் பேச்சுக்கு வழி சொன்னால் நீ கதவுக்கு வைத்தியம் கேட்கிறாய்.

கீழ் மூலை. மலைப் பக்கம். மழை பெய்யவில்லை. போதுமா?

பக்கத்து வீடுகளில் கேட்க மாட்டேன். கேட்கவும் வேண்டியதில்லை, காது இருக்கிறதே. டெய்லர் வீட்டில் ஜன்னலுக்குச் சோப்புத் தேய்க்கிறார்கள். ரிட்டயரான வாத்தியார் தாழ்ப்பாளைக் கழற்றி வேறு இடத்தில் அடித்தார், அரை விரற்கடை தள்ளி. ஏன் சார் என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா, பழசு அழகா இல்ல" என்றார். தாழ்ப்பாளில் என்ன அழகு? தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் தெருவுக்கே கெட்ட பெயர், அப்புறம் வீட்டை விற்கவும் முடியாது, வாடகைக்கும் ஆள் வராது. நானும்தான் தச்சரிடம், வெளியே சொல்லாதீங்க என்றேன். கொல்லைக் குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. வடிகட்டித் துணி துவைக்கிறேன்.

உன் பேச்சில் மில்லிமீட்டரை எல்லாம் தூக்கி எறி. காலையில் எழுந்ததும் கண்ணில் படுகிற விஷயமாகச் சொல். ஆனால் என் கதவை மட்டும் மேடையில் ஏற்றினாயோ, அப்புறம் அக்கா என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிடு.

வெண்கலம்

ஜூன் 19

அக்கா,

கைதட்டினார்கள்! நீ பின் வரிசையில் இருந்ததால் என் முகம் தெரிந்திருக்காது. முதல் வரி வந்ததும் இரண்டாவது அதுவாகவே வந்தது. தாளை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. டீக்கு ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முன்னால் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி கேட்டார், அவரையே பிடித்துக்கொண்டேன். மௌனம்கூட வந்தது, இரண்டு இடத்தில். முடிந்ததும் தலைவர் தோளில் தட்டி, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்.

டிரைவர் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். இத்தனை வருடம் கழித்து எனக்கு வாய் திறந்திருக்கிறது, அதற்கு நீதான் காரணம். யார் யார் சாமான் கட்டுகிறார்கள் என்று உடனே எழுது.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

சந்தோஷமாக இருக்கிறாயா? இரு.

ஒருத்தரும் சாமான் கட்டவில்லை. நேற்று தெரு முழுக்க உன் பேச்சுதான். என்ன குரல், என்ன நிதானம், அவங்க அப்பா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கலையே என்றார்கள். பேசிப் பேசி அலுத்துப் போய் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார்கள். நானும்தான். எனக்கும் பெருமையாக இருந்தது, நன்றாகத் தூங்கினேன். அதுதான் காலையிலிருந்து உறுத்துகிறது.

நீ சரக்கை அருமையாக வர்ணித்தாய், ஏலம் விடவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "சிந்தித்துப் பாருங்கள், நன்றி வணக்கம்" என்று முடித்தாய். நன்றி வணக்கம் சொன்னால் ஜனங்கள் வீட்டுக்குத்தான் போவார்கள்.

அப்புறம், "ஒரு வீட்டில் சமையலறைக் கதவை இரண்டு தடவை இழைத்தார்கள்" என்றாய். பாதி மண்டபம் திரும்பி என்னைப் பார்த்தது. தச்சர் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியாதா? இன்று காலை டெய்லர் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் கோலப்பொடி எடுக்கப் போகிறவள்போலத் திரும்பி உள்ளே போனாள். தெருவைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிட்டேன். மேடையில் ஏற்றாதே என்று எழுதியும் கேட்டாயா நீ?

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கதவை மேடையில் ஏற்றியது தப்புதான். அந்த இடத்தில் நின்றபோது சொல்வதற்கு அதைவிட உண்மையான ஒன்று என்னிடம் இருக்கவில்லை.

கீழ் வரிசைக் கம்பிகள் இரண்டு சாய்ந்துவிட்டன. முன்பெல்லாம் அளந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. விரிசலுக்குள் கல்லைப் போட்டால் விழுகிற சத்தம் வருவதில்லை. டிரைவர் இப்போதெல்லாம் பேச்சைக் கேட்டு அபிப்பிராயம் சொல்வதில்லை, ஜீப்பை மலைக்கு முதுகைக் காட்டி நிறுத்துகிறார்.

ஒன்றாம் தேதி மூன்றாவது கூட்டம். இனிமேல் கூட்டம் கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை நான் வர்ணிக்கப்போவதில்லை. ஒரே கேள்விதான். யார் வீட்டில் கதவு உரசுகிறது, கை தூக்குங்கள் என்று கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப்போகிறேன். உன் தெருக்காரர்கள் எப்போதும் ஒரே பக்கம்தான் உட்காருகிறார்கள். அந்தப் பக்கம் முழுவதும் கை மேலே போவதை அவர்களே திரும்பிப் பார்த்துவிட்டால் நான் எதுவும் பேசவேண்டியதில்லை.

ஆனால் முதல் கை வேண்டும். அது இல்லாமல் இரண்டாவது கை வராது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீ தூக்குவாயா?

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

மாட்டேன்.

ஏலத்தில் முதல் கை தூக்குகிறவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மற்றவர்கள் எல்லாம் பின்வாங்கினால் சரக்கு அவன் தலையில்தான். நான் கை தூக்கிவிட்டு மற்றவர்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் எங்கே போவேன்? உனக்கு மலைமேல் கொட்டகை இருக்கிறது, கம்பி இருக்கிறது. எனக்கு இந்த வீடு ஒன்றுதான். ஒவ்வொரு செங்கல்லாக அப்பா சைக்கிளில் கொண்டுவந்தார், பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது நான், நீ இல்லை. நீ கைக்குழந்தை.

உன்னைப் பேசப் பழக்கியது போதாதென்று என்னையும் உன் பேச்சில் ஒரு வரியாக்கப் பார்க்கிறாய். முடியாது.

தவிர, நீ பயப்படுவதுபோல ஒன்றும் இல்லை. கதவு சரியாகிவிட்டது. இரண்டு நாளாக உரசவே இல்லை. தச்சர் கைராசிக்காரர்தான். இப்போது தள்ளக்கூட வேண்டாம், தாழ்ப்பாளை எடுத்தால் தானாகவே திறந்துகொள்கிறது.

அக்கா

ஜூன் 28

அக்கா,

டிரைவரை வாசலிலேயே காத்திருக்கச் சொல்லி அனுப்புகிறேன், உடனே படி.

கதவு சரியாகவில்லை. நிலைச்சட்டம் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இத்தனை நாள் மண் வீட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இப்போது வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தெருப் பக்கம் போகிறது. ஒரு உருண்டைச் சாமானை, எலுமிச்சம்பழம் ஏதாவது, சமையலறைத் தரையில் வைத்துப் பார். நான் சொல்வதை நம்பாதே, அதை நம்பு.

கை தூக்க வேண்டாம். கூட்டத்துக்கும் வர வேண்டாம். இன்றைக்கே சந்தைக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 5
பள்ளிக்கூடம்

தம்பிக்கு,

நான்காம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்காலை மடக்கி உள்ளே நுழைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

எலுமிச்சம்பழம் உருண்டது. வாசற்படி தாண்டி, நடை தாண்டி, தெருவில் போய் நின்றது. நான் அதைப் பொறுக்கிக்கொண்டு வரப் போனபோது வாத்தியார் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியும் கை தூக்குவதாக எனக்கு எண்ணம் இல்லை. நீ மேடையில் வந்து நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், "கதவு உரசற வீட்டுக்காரங்க கை தூக்குங்க" என்றாய். அப்புறம் நின்றாய். எத்தனை நேரம் நின்றாயடா! யாரோ இருமினார்கள், தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், நீ அசையவில்லை. உன் உதட்டைப் பார்த்தேன். ஒரு தரம். ரெண்டு தரம். பாவி, என் தொழிலை வைத்தே என்னை அடித்தாய். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கை தானாக மேலே போய்விட்டது.

அப்புறம் வாத்தியார் தூக்கினார். டெய்லர் அரைக் கை தூக்கினார், அவர் பெண்டாட்டி அதை முழுக் கையாக்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் பக்கம் முழுக்கக் கைகள். எதிர்ப் பக்கம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்கள். உன் பேச்சுக்கு அன்று ஒருத்தரும் கைதட்டவில்லை, கவனித்தாயா?

நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக வந்துவிட்டோம். நீ மட்டும் மறுபடி மேலே ஏறிவிட்டாய். இங்கே இப்போது புதுச் சிக்கல். நாங்கள் வந்த அன்று பிடித்த மழை நின்றுவிட்டது, வெயில் பளீரென்று அடிக்கிறது, மலை சாதுவாக நிற்கிறது. வகுப்பறைத் தரையில் படுத்துப் படுத்து எல்லோருக்கும் இடுப்பு ஒடிகிறது. உன் தம்பிக்கு வாய் ரொம்ப நீளமாகிவிட்டது என்று ஜாடை பேசுகிறார்கள். எட்டாம் தேதி சாயங்காலம் இங்கேயே கூடிப் பேசிவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் போகாதீர்கள் என்று யாராவது பேச வேண்டும். என்னைத்தான் கைகாட்டுகிறார்கள்.

சிரிக்காதே. நேற்று காலி வகுப்பில் நின்று சொல்லிப் பார்த்தேன், வாய் உலர்ந்துபோய்விட்டது. சரக்கு எதுவும் எதிரில் இல்லாமல் நான் இதுவரை பேசியதே இல்லை. எப்படிப் பழகுவது என்று எழுது. அதைவிட, நீயே இறங்கி வந்துவிடு. அளந்தது போதும். உன் செருப்பை எடுத்து வந்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 7

அக்கா,

சிரித்தேன். டிரைவருக்கும் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். ரொம்ப நாளாயிற்று இங்கே யாரும் சிரித்து.

சத்தமாகப் பேசிப் பழகு, நின்றுகொண்டு பேசு. எல்லாம் நீ சொன்னதுதான். ஒன்றே ஒன்று நான் சேர்க்கிறேன்: பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதே, அது போகாது. மூன்றாவது கூட்டத்திலும் எனக்குக் கால் நடுங்கியது. பழகியிருந்ததால் வாய் மட்டும் நடுங்கவில்லை.

இப்போது கவனமாகப் படி. கீழ் வரிசையில் என்னால் அளக்க முடியவில்லை. நேற்று வரை டேப் எட்டியது, இன்று எட்டவில்லை. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மலை குடித்த தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது. நாளை சாயங்காலம் ஒருத்தரையும் பாலம் தாண்ட விடாதே. என்ன செய்வாயோ தெரியாது, பேச்சை இழு.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். மேல் வரிசைக் கம்பிகளை நாளைக்கும் ஒரு தடவை பார்த்தால்தான் மண் ஆற்றோடு நிற்குமா, பள்ளிக்கூடம் வரை வருமா என்று சொல்ல முடியும். அங்கே இருப்பவர்களை அங்கே அனுப்பியது நான். டிரைவர் இதை உன்னிடம் கொடுத்துவிட்டு என்னை அழைத்துப்போகத் திரும்பி வருவார். பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து என்றால் அவர் நீளமாக ஹாரன் அடிப்பார், உடனே எல்லோரையும் மேட்டுக்குக் கூட்டிப் போ. ஹாரன் கேட்கவில்லை என்றால் நீங்கள் இருக்கும் இடம் பத்திரம் என்று அர்த்தம்.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

நேற்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்தார்கள். பைகள் வாசலில் வரிசையாக இருந்தன. நான் இரண்டு நாளாகப் பெஞ்சுகளுக்குப் பேசிப் பழகியிருந்தேன், நன்றாகவே வந்தது. டெய்லர் பெண்டாட்டியின் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். டேப் எட்டவில்லை என்று நீ எழுதியதைச் சொன்னேன், வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் பழகியது எல்லாம் தீர்ந்துவிட்டது, வெளியே வெளிச்சம் இருந்தது. "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று தலைவர் எழுந்தார். பின்னால் பைகளைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பேச்சை இழு என்று எழுதியிருந்தாயே. எனக்கு இழுக்கத் தெரிந்தது ஒன்றுதான். பெஞ்சுமேல் ஏறினேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. "சமையலறைக் கதவு ஒண்ணு! நல்ல மரம்! தள்ள வேண்டாம், தானே திறக்கும்! யாரு கேக்கறீங்க?" என்று சந்தைக் குரலில் கத்தினேன். திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். "ஒரு பட்டன்" என்றார் டெய்லர். ஒருத்தர் சிரித்தார். "ரெண்டு பட்டன், ஊசியும் தரேன்" என்றார் இன்னொருவர். கதவை விற்றேன். செம்மண் தண்ணீர் வருகிற குழாயை விற்றேன், சாயம் போட வசதி என்று சொல்லி. அப்பாவின் சைக்கிளை, ஜன்னலை, கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக விற்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், என் கண்ணிலும் வந்தது, யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் விற்க எதுவும் பாக்கியில்லை. முழு வீட்டையும் ஏலத்துக்கு விட்டேன். வாத்தியார் கை தூக்கினார். ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன், உன்னைப்போல.

அப்போதுதான் சத்தம் வந்தது. முதலில் தரைக்குள்ளிருந்து. கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் உதிர்ந்தது. வெளியே ஓடிப் பார்த்தபோது கடைசித் தெரு இருந்த இடத்தில் புழுதிதான் எழுந்துகொண்டிருந்தது. மண் ஆற்றோடு நின்றுவிட்டது. தெருவில் இருந்த ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் என் பக்கத்தில் நிற்கிறார்கள். டெய்லர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்.

நீயும் டிரைவரும் மட்டும் இல்லை. இரண்டாவது வளைவுக்கு மேல் சாலையே கிடையாது என்கிறார்கள். ஹாரன் கேட்கவில்லை. அப்படியானால் இந்த இடம் பத்திரம் என்று எழுதியிருந்தாய், சரியாகத்தான் இருந்தது. அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று நீ எழுதவில்லை, நானும் யோசிக்க மாட்டேன். அந்தப் பக்கம் ஆட்டுப்பாதை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மீட்புக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அடுத்துப் போகிறவர்களிடம் கொடுக்கப்போகிறேன், செருப்பையும் சேர்த்து.

அந்த ஏலம் இன்னும் முடியவில்லை என்பதை இங்கே யாரும் கவனிக்கவில்லை. மூணாவது தரத்தை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ரெண்டு தரம் சொல்லிவிட்டு நிற்கிறேன். நீ வந்து கை தூக்கு.

அக்கா